ஏழாவது கதவின் மூன்றாவது நிறை

ஒரு காட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பலாமரம் ஒன்று இருந்தது. அதன் மூன்றாவது கிளையில் நிதானி என்ற தேவாங்கு வசித்து வந்தது. தேவாங்கு பகலில் தூங்கும் பிராணி என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு நிதானிக்கு அந்த வழக்கம் விட்டுப்போயிற்று.

அந்தக் காட்டில் 'இலைமுரசு' என்ற வாரப் பத்திரிகை தேக்கிலையில் அச்சாகி வந்தது. அதில் வீடியோ விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவது நிதானியின் வேலை. அது குடியிருந்த கிளையும், கிளையின் நுனியில் கட்டியிருந்த கணினியும் பத்திரிகைக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கிளை. கிளை இருக்கும்வரை கணினி.

நிதானி ஆடிப் பார்க்காத விளையாட்டைப் பற்றி ஒரு வரி எழுதாது. கடைசிக் கதவு வரை ஆடும். அந்தக் கடைசிக் கதவை மட்டும், எழுதிக் கொடுத்த பிறகுதான் திறக்கும். முடிவு தெரிந்துவிட்டால் கை எங்காவது அதை உளறிவிடுமோ என்று அதற்குப் பயம்.

அந்த மழைக்காலத்தில் புனுகுப்பூனை ஒரு புது விளையாட்டைச் செய்து வெளியிட்டது. பெயர், 'ஏழு கதவுக் கோட்டை'. ஒரு மருத்துவச்சியின் தங்கையை மந்திரவாதி ஒருவன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறான். வண்டியின் பின்பக்கம் வழியாகத் தங்கை கத்துகிறாள்: "அக்கா, சீக்கிரம் வா! உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்!" அவ்வளவுதான், வண்டி மறைந்துவிடும். அதற்கப்புறம் ஏழு கதவுகளைத் தாண்டி அவளைப் போய்ச் சேர வேண்டும்.

நிதானி அந்த மருத்துவச்சியாகவே நூற்றுநாற்பது மணி நேரம் ஆடியது. நொண்டிக் குதிரை ஒன்றுக்குக் காலில் பச்சிலை கட்டிக் குணப்படுத்தியது. வேதாளங்களுக்குப் பல்வலி தீர்த்தது. ஆறு கதவுகளைக் கடந்து ஏழாவதன் வாசலுக்கு வந்தது. வாசற்படியில் காலை வைத்துப் பார்த்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"தங்கச்சி என்ன சொல்லப் போறாளோ" என்று அது ஒரு நாளைக்குப் பத்து முறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. அதன் கண்கள் பிறவியிலேயே பெரியவை. அந்த நாட்களில் இன்னும் பெரிதாகிவிட்டன.

ஆனால் விமர்சனம் என்றால் கணினியை மட்டும் பார்த்தால் போதாது. அதே விளையாட்டு போனிலும், டிவியில் மாட்டும் பெட்டியிலும் வந்திருந்தது. நிதானி முள்ளம்பன்றியின் குகைக்குப் போய் டிவிப் பெட்டியில் ஐந்தாவது கதவு வரை ஆடியது. அதற்கு மேல் முள்ளம்பன்றி வீட்டில் சீரியல் நேரம். பிறகு மந்தியிடம் போனை இரவல் வாங்கி, மந்தியின் ஆட்டத்தைத் தொடாமல் தன் பெயரில் தனியாகத் தொடங்கி, குறுக்கு வழிகளிலெல்லாம் புகுந்து விரைவாக ஏழாவது கதவுக்கு வந்தது. வாசற்படியில் கால் வைத்தது.

திரை இருண்டது. பிறகு வண்டி வந்தது. "அக்கா, சீக்கிரம் வா! உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்!"

ஆடியதெல்லாம் அழிந்துபோயிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்து நிதானி முதலிலிருந்து இன்னொரு முறை ஆடியது. இரண்டாவது முறையும் அப்படியே ஆயிற்று. "இது தற்செயல் இல்லை" என்று குறித்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தது.

இனி எழுத வேண்டியதுதான்.

இலைமுரசின் விமர்சனத்துக்கு ஒரு முறை உண்டு. தேக்கிலையின் நடு நரம்புக்கு இடப்பக்கம் நிறைகள், வலப்பக்கம் குறைகள். ஒவ்வொரு கருவிக்கும் மூன்று நிறை, மூன்று குறை. ஒரு பக்கம் மை கூடிப்போனால் காயும்போது இலை அந்தப் பக்கமாகச் சுருண்டுவிடும். ஒன்றோடொன்று சிக்கி, கட்டு கட்டவும் முடியாது.

கணினிக்கு மூன்றுக்கு மூன்று தானாகவே அமைந்தது. குதிரையின் நொண்டல்கூடத் தெளிவாகத் தெரியும் என்பது நிறை. விசிறி இரைகிற இரைச்சலில் தேனீக்கள் கூடென்று நினைத்து வந்து மொய்க்கும் என்பது குறை. டிவிப் பெட்டிக்கும் சிரமமில்லை. சாய்ந்து உட்கார்ந்து ஆடலாம். ஆனால் ஒரு கதவு திறப்பதற்குள் ஒரு பலாச்சுளையைத் தின்று கொட்டையையும் துப்பிவிடலாம்.

போன்தான் தகராறு செய்தது. அதற்கு ஒரே ஒரு நிறை: எடுத்துக்கொண்டு மரம் ஏறலாம். குறைகள் ஐந்து.

ஆசிரியர் இருவாச்சி, இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. அதற்கு அலகுக்கு மேலே இன்னோர் அலகு கவிழ்த்து வைத்த மாதிரி ஒன்று உண்டு. எதற்கும் இரண்டு பக்கம் பார்க்கிற பறவை.

"என்ன நிதானி இது?"

"போன் விமர்சனம், மேடம்."

"அது தெரியுது. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் அஞ்சு. இலை சுருண்டுக்குமே?"

"சுருளட்டும் மேடம். படிக்கிறவங்க விரிச்சுப் பிடிச்சுப் படிச்சுக்கட்டும்."

"பிடிக்க எத்தனை பேருக்குக் கை இருக்கு? பாம்பும் நம்ம சந்தாதாரர்தான்" என்றது இருவாச்சி. "இதே விளையாட்டுக்கு மைனா ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்கு. பாருங்க, மூணுக்கு மூணு. கண்ணாடி மாதிரி நிக்குது இலை."

"மைனா அதை ஆடவே இல்லையே, மேடம்!"

"அதனாலதான் சரியா வந்திருக்கு. ஆடினா ஒரு பக்கம் சாய்ஞ்சுடும்."

கீழ்க்கிளையிலிருந்து மைனா தலையை நீட்டியது. "சார், கிளையை எப்போ காலி பண்றீங்க? அவசரம் ஒண்ணும் இல்லே. கூடு கட்ட அளவெடுத்துக்கலாம்னு கேட்டேன்."

நிதானி கிளை நுனியைப் பார்த்தது. கணினித் திரையில் மருத்துவச்சி குதிரையைப் பிடித்தபடி ஏழாவது கதவின் முன் நின்றுகொண்டிருந்தாள். கிளை போனால் கணினி போகும். கணினி போனால் தங்கை என்ன சொல்ல வந்தாள் என்பது ஒருநாளும் தெரியாது.

"என்ன பண்ணணும் மேடம்?" என்று கேட்டது.

"பெரிசா ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கத்துல இருக்கிற ரெண்டை இந்தப் பக்கம் எடுத்து வைங்க. கணக்கு சரியாயிடும்."

முதலாவது எளிதாக இருந்தது. 'போன் கையில் பிடிக்க முடியாமல் சுடும்' என்பதை 'மழைக்காலத்துக்கு இதமாக இருக்கும்' என்று இடப்பக்கம் எழுதிக்கொண்டது. இரண்டாவதற்கு, எழுத்து பொடியாக இருப்பதை எடுக்கலாமா என்று கேட்டது.

"வேண்டாம். சின்னக் குறை எல்லாம் பார்த்தவுடனே தெரிஞ்சுபோகும். நிறைன்னு போட்டா சிரிப்பாங்க" என்றது இருவாச்சி. "அந்த ஏழாவது கதவை எடுங்க. அவ்வளவு தூரம் யார் போய்ச் சேரப் போறாங்க?"

"மந்தி போய்ச் சேர்ந்துடும் மேடம். ஆறாவதுல நிக்குது. தொண்ணூறு மணி நேரம் ஆடியிருக்கு."

"நீங்க பொய் எழுத வேண்டாம். நடக்கிறதையே எழுதுங்க. இடத்தை மட்டும் மாத்துங்க."

நிதானி நெடுநேரம் யோசித்தது. பிறகு, இடப்பக்கத்தில் மூன்றாவது நிறையாக இப்படி எழுதியது: 'ஏழாவது கதவில் கால் வைத்ததும் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். ஒரே விளையாட்டை இரண்டு முறை ஆடும் வாய்ப்பு போனில் ஆடுபவர்களுக்கு மட்டுமே.'

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிதானி நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தது. இலை கண்ணாடி மாதிரி நின்றது. மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்தது.

ஏழாவது கதவை உடனே திறந்திருக்கலாம். ஆனால் நிதானிக்குப் பதினோரு நாள் தூக்கம் பாக்கி இருந்தது. தங்கை சொல்வதை அரைத் தூக்கத்தில் கேட்க அதற்கு மனம் வரவில்லை. கிளையின் அடியில் சுருண்டு படுத்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் மரத்தடியில் கேட்ட கூச்சலில் கண் விழித்தது. கீழே மந்தி நின்றுகொண்டிருந்தது. கையில் போன்.

"அண்ணே, போச்சு! எல்லாம் போச்சு!" என்று மந்தி கத்தியது.

"மந்தி, என்னை மன்னிச்சுடு. நான்..."

"எதுக்கு மன்னிப்பு? தொண்ணூறு மணி நேரமும் ஒரு நொடியில போச்சு அண்ணே! நீங்க எழுதின மாதிரியே! எங்க தெருவுல எல்லாருக்கும் போயிடுச்சு. கரடிக்கு மட்டும் இல்லே, பாவம். அது கம்ப்யூட்டர்லதானே ஆடுது."

பேசிக்கொண்டிருக்கும்போதே புதரை விலக்கிக்கொண்டு கரடி வந்தது. பின்னால் முள்ளம்பன்றி, முள்ளெல்லாம் விறைத்து நிற்க.

"ஐயா, இது என்ன நியாயம்?" என்றது கரடி. "எலிக்குஞ்சு சைஸ்ல இருக்கிற போனுக்கு ஒரு வசதி. இவ்வளவு பெரிய கம்ப்யூட்டருக்கு அது கிடையாதா? நாங்க ஒரு தடவைதான் ஆடணுமா?"

"எங்க டிவி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றது முள்ளம்பன்றி.

"அது வசதி இல்லைங்க. அது கோளாறு" என்றது நிதானி.

கரடி தேக்கிலையை எடுத்து நீட்டியது. "நிறைப் பக்கத்துல இருக்கே? நீங்கதானே எழுதியிருக்கீங்க? பொய் எழுத மாட்டீங்கன்னு காடே சொல்லுது."

நிதானி அந்த வரியை ஐந்தாவது முறையாகப் படித்தது.

"கவலையை விடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. விளையாட்டைச் செய்த புனுகுப்பூனை மரத்தடியில் வந்து நின்று கைகூப்பியது. "அந்தக் கதவை எப்படிச் சரிபண்றதுன்னு தெரியாம ஒரு மாசமா முழிச்சுக்கிட்டிருந்தேன். சார் விமர்சனம் வந்ததும்தான் அது எவ்வளவு நல்ல விஷயம்னு எனக்கே புரிஞ்சது. இன்னிக்கு அப்டேட் அனுப்பிட்டேன். கம்ப்யூட்டர், டிவி எல்லாத்துக்கும் அதே கதவு. மத்தியானத்துக்குள்ள வந்து சேர்ந்துடும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

நிதானி கைதட்டவில்லை. அது தன் வாழ்நாளில் முதல் முறையாக ஓடியது. கிளையின் அடியிலிருந்து நுனிவரை நான்கு முழம். தேவாங்கு ஓடினால் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகம். முதல் முழத்தைக் கடக்கும்போது கணினித் திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு பாதி நிறைந்திருந்தது. மூன்றாவது முழத்தில் கோடு முக்கால்வாசி. நான்காவது முழத்தில் நிதானி கையை நீட்டியது. கோடு நிறைந்து, 'புதுப்பிக்கப்பட்டது' என்று வந்தது.

மருத்துவச்சி அப்படியே நின்றுகொண்டிருந்தாள். குதிரையும் நின்றது. கதவு ஒரு எட்டு தூரத்தில் இருந்தது. அந்த எட்டை மட்டும் எடுத்து வைக்கக் கூடாது. இப்படியே ஆயுள் முழுக்க நின்றுகொண்டிருக்கலாம் என்று நிதானி நினைத்தது. நூற்றுநாற்பது மணி நேரமாவது மிஞ்சும்.

அப்போது இருவாச்சி பறந்து வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது.

"நிதானி, பிரமாதம்! காடு முழுக்க உங்க பேச்சுதான். கிளை உங்களுக்கே நிரந்தரம். மைனாகிட்ட சொல்லிட்டேன். இந்த வாரம் அப்டேட்டுக்கு ஒரு விமர்சனம் வேணும். சாயங்காலத்துக்குள்ள கொடுங்க. கம்ப்யூட்டருக்கு மட்டும் போதும். மூணுக்கு மூணு."

"அப்டேட்டைப் பத்தி எழுதணும்னா அந்தக் கதவுல கால் வைக்கணும் மேடம்."

"வைக்காமயே எழுதலாம். மைனா அப்படித்தான் எழுதுது."

நிதானி நிமிர்ந்து உட்கார்ந்தது. "நான் ஆடிப் பார்க்காம எழுதறதில்லை" என்றது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்குப் புரிந்தது. ஆனால் சொல்லியாயிற்று. இருவாச்சி பார்த்துக்கொண்டிருந்தது. நிதானி குதிரையின் கழுத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தது. பிறகு வாசற்படியில் காலை வைத்தது.

திரை இருண்டது. வண்டி வந்தது.

"அக்கா, சீக்கிரம் வா! உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்!"

நிதானி ஒரு புதுத் தேக்கிலையை எடுத்து மடியில் விரித்தது. இடப்பக்கத்தில், அழகான எழுத்தில், முதல் நிறையை எழுதியது: 'தங்கை கடைசிவரை எதையும் சொல்வதில்லை. ஆகவே, முடிவு பிடிக்கவில்லை என்று யாரும் குறைப்பட முடியாது.'

நீதி: குறையைத் திருத்தாதீர்கள், இடப்பக்கம் நகர்த்தி வையுங்கள். மற்றவர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.