ட்ரோட்ரோ ஸ்டாண்டில் ஓர் இதயம்

பெருமதிப்பிற்குரிய செலாசி அக்கா அவர்களுக்கு,

உங்க வீடியோவால எங்க வகுப்பு மொத்தமும் காப்பி எழுதறதையே விட்டாச்சு அக்கா!

குமாசியிலிருந்து உங்கள் ரசிகை செர்வா பணிவுடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, என் போன் சார்ஜர் எல்லாரும் நலம். உங்கள் நலனும் சந்தாதாரர்களின் நலனும் அறிய ஆவல்.

எங்கள் உயிரியல் வகுப்பில் அட்டகோரா சார் தன் பழைய நோட்டை வகுப்புத் தலைவனிடம் கொடுப்பார், அவன் கரும்பலகையில் எழுதுவான், நாங்கள் அப்படியே காப்பி எடுப்போம். கடைசியில் சார் நோட்டுக்குப் பத்துக்கு மார்க் போடுவார். ஐந்துக்குக் கீழே போனால் தேர்வெழுத விடமாட்டார். நீங்களோ சொந்த வார்த்தையில எழுதுங்க, படம் போடுங்க, மூடி வச்சு சொல்லிப் பாருங்கன்னு சொன்னீங்க. இதயப் பாடத்துக்கு நான் ட்ரோட்ரோ வேன் ஸ்டாண்டு வரைஞ்சேன், பார்த்துட்டு வகுப்பே வரைஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமை சார் முதல்ல என் நோட்டைத்தான் எடுத்தார். படத்தைத் தலைகீழாகூடத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதயம் எங்க?"

"அதான் சார் ஸ்டாண்டு. காலி வேனெல்லாம் வலது வாசல்ல வரும். கண்டக்டர் நுரையீரல், நுரையீரல்னு கத்துவான். அங்க போய் ஆக்சிஜனை ஏத்திக்கிட்டு இடது வாசல்ல வந்து ஊர் முழுக்கப் போகும்."

"வந்த வழியே ரிவர்ஸ் எடுத்தா?"

"வால்வு விடாது சார். கேட்டைச் சாத்திரும்."

பின்வரிசை வரைக்கும் ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டார். ஒருத்தர்கூடத் தடுமாறலை அக்கா. சார் சிரிச்சே சிரிச்சுட்டார். மார்க்கைத் திங்கட்கிழமை போடறேன்னு சொல்லி என் நோட்டை வீட்டுக்கே எடுத்துட்டுப் போனார்.

உங்க சேனல் லட்சம் பேரைத் தொடட்டும், கரண்ட் போகாம இருக்கட்டும்.

இப்படிக்கு,
செர்வா

பி.கு: இன்னைக்குத் திங்கட்கிழமை. சார் என் ஸ்டாண்டை ஆறு பக்கத்துக்கு விரிச்சு எழுதிக்கிட்டு வந்து தலைவன்கிட்ட கொடுத்தார். கண்டக்டர் கத்தினது வரைக்கும் அவன் போர்டுல எழுதினான். என் நோட்டுல ஒரு பக்கம்தானே இருக்கு, அதனால எனக்குப் பத்துக்கு நாலு. நாளைக்குள்ள முழுசா எழுதிட்டா மாத்திப் போடறாராம். எழுதி முடிக்கறதுக்குள்ள போர்டை அழிச்சுட்டாங்க. அக்கா, இதை உடனே ஷேர் பண்ணுங்க. எங்க ஸ்கூல் பிள்ளைங்க யாராவது காப்பி எடுத்திருந்தா அந்த ஆறு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க.