சுல்தானைக் கோழி என்று அனுப்பிய விபரம்

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒலுவிலில் நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே எல்லோரும் சுகம், என் கால்களைத் தவிர. உம்மாவுக்குத் தெரியாமல் குசினி அடுப்படியில் குப்பி விளக்கில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த பிறகு சாச்சியின் மகள் நதீரா முகாமிலிருந்து நம் வீட்டுக்கு வந்தாளே, அவளோடு சுல்தான் என்ற பூனையும், சுல்தானோடு ஒரு படை தெள்ளுப் பூச்சியும் வந்தது. தெள்ளு கடித்து என் கால் பலாக்காய்த் தோல் போல் ஆகிவிட்டது, 'உன்ட ரெத்தம் இனிப்பு புள்ள' என்று வாப்பா சிரிக்கிறார். உம்மா பாய்களை வெயிலில் போட்டு, போர்வைகளை அவித்து, வேப்பிலைப் புகை போட்டதில் பக்கத்து வீட்டு பாத்தும்மா மாமி நெருப்பு என்று வாளியோடு ஓடிவந்தா. பிறகு உம்மா என்னுடைய பேன்சீப்பை எடுத்துச் சுல்தானை வாரினா. புதுச் சீப்பு வாங்கினா, அது எனக்கில்லை, நதீராவுக்கு. முகாமில் கொடுத்த, ஒருவருக்கும் விளங்காத எழுத்துள்ள பையைத் தெள்ளு மருந்து என்று நதீரா பிரித்து வீடு முழுக்கத் தூவினாள். சுல்தான் நிலத்தை நக்கியே ஒரு சுற்றுப் பெருத்தான். வாப்பா விரலில் தொட்டு வாயில் வைத்து, 'பால்மா' என்றார். தெள்ளு போகல்ல, எறும்பும் வந்திட்டு. நான் தூவியிருந்தா முதுகுத் தோல் உரிஞ்சிருக்கும். அவளுக்கு, 'பாவம், புள்ளைக்கு எப்படித் தெரியும்?'

'பூனைய ஆருக்காவது குடுப்பம்' என்று வாப்பா சொன்னதும், 'அது போனா நானும் போறன்' என்றாள் நதீரா. தங்கச்சியின் பிள்ளை என்று உம்மா அவளைக் கட்டிப்பிடித்தா. என்னைக் கடைசியாகப் பிடித்தது பெருநாள் சட்டைக்கு அளவு எடுக்கும்போதுதான்.

அந்த எரிச்சலில் இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சுல்தானை உரப்பையில் போட்டு, ஒலுவிலுக்கு மீன் எடுக்கப் போகும் ஜவுபர் காக்காவின் லொறியில் கொடுத்தேன்.

'என்னது புள்ள துள்ளுது?'

'ராத்தாவுக்குக் கோழி.'

'கோழி மியாவ் எண்டுதே.'

'ஊருக்கு ஊர் வித்தியாசம் காக்கா.'

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவள் நரகம் போன கதை, மதரஸாவில் படித்தது, மஃரிப் தொழுத பிறகுதான் ஞாபகம் வந்தது. நான் பூனையைக் கட்டவில்லை, பையின் வாயைத்தான் கட்டினேன். அதற்கும் நரகம்தானா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்கப் பயம். நதீரா, சாச்சி கடலில் மௌத்தான அன்றும் அழாதவள், வாசலில் நின்று சுல்தானைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். ராத்தா, அதற்கு மீன் கொடுங்கள். நாளை இந்தக் கடிதம் கொண்டுவரும் ஜவுபர் காக்காவிடமே கூடையில் திருப்பி அனுப்புங்கள். உம்மாவுக்கு மட்டும் சொல்லாதீர்கள், ஈர்க்குக் கட்டு என் காலில்தான் முறியும்.

மச்சானுக்கு ஸலாம். உங்கள் வயிற்றுப் பிள்ளைக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளும், தெள்ளில்லாத வீடும் தரட்டும்.

உங்கள் பாவித் தங்கச்சி,
ஸகியா

பின்குறிப்பு: நதீரா தண்ணீர் குடிக்க வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள். பிறகு, 'நான்தான் குடுத்தன் எண்டு சொல்றன். பெரியும்மா எனக்கு அடிக்கமாட்டா' என்றாள்.

'அதான் எனக்கு எரிச்சல்.'

'எனக்கும் அதான் எரிச்சல். பால்மாவைக் கொட்டியும் ஒரு அடி விழல்ல. நான் என்ன விருந்தாளியா?'

ஆகவே ராத்தா, மேலே எழுதியதை விடுங்கள். சுல்தானை நீங்களே கொண்டுவந்து, ரெண்டு பேரும் சேர்ந்துதான் அனுப்பினோம் என்று உம்மாவிடம் சொல்லுங்கள். முதல் அடி தனக்கு வேணுமாம்.