பூச்சியரும் குளியலறைச் சுவரும்

கொழும்பில் அந்தக் காலத்தில் இருந்த அத்தனை பேரிலும் பூச்சியரைப் போலச் சுவரைப் பார்த்தே வாழ்ந்தவர் இன்னொருவர் இல்லை. நம்மோடு கதைக்கும்போதும் அவருடைய பார்வை நம் தோளுக்குப் பின்னால் இருக்கிற சுவரில்தான் இருக்கும். அங்கே ஓர் அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிகிற காலம். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் எட்டுப் பேர் சேர்ந்து வீடெடுத்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சமறி நடத்தினோம். எங்களில் மூத்தவர் பூச்சியர். பகலில் கந்தோரில் கோப்புக் கட்டுவார். மிச்ச நேரமெல்லாம் பூச்சிக்கு ஊசி குத்துவார். ஒரு தடவை கொட்டாஞ்சேனைக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனோம். கொடுத்த கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார், எழுந்தார், பெண்ணின் தலைக்கு மேலே சுவரில் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்தார். திரும்பி வரும்போது நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். அவர் மட்டும், நல்ல இடம், சுவரில் ஈரம் இருக்கிறது என்றார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒருநாள் புது இனம் ஒன்று அகப்பட்டது. வெளிறிய சிறகு, நூல் போன்ற உணர்கொம்பு, மூன்று பூச்சி, மூன்றும் பெண். ஆண் மட்டும் கிடைக்கவேயில்லை. லண்டன் சஞ்சிகைக்கு அதன் வர்ணனையை நான்தான் தட்டச்சு செய்தேன். பழுப்பு என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்தப் பழுப்பு? பால் விட்ட தேத்தண்ணியா, விடாததா? ஊசியில் குத்திய பூச்சியை எட்டுப் பேருடைய தேத்தண்ணிக் கோப்பைக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சிறகுக்கு மூன்று நாள் போனது.

பெயர் வைப்பது வர்ணிப்பவரின் உரிமை. ஆனால் தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. தட்டச்சு செய்த கூலியாக என் பெயரை வைத்தார். நான் ஊருக்கு எழுதிப்போட்டேன். அப்பா கோயில் வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொன்னாராம். சஞ்சிகையும் ஏற்றுக்கொண்டது, அச்சாவதுதான் பாக்கி.

அப்போதுதான் ஒரு காலை, முதல் ஆளாகக் குளிக்கப் போனேன். மின்குமிழுக்குக் கீழே சுவரில் இரண்டு பூச்சிகள், வால் நுனியோடு வால் நுனி சேர்ந்து இருந்தன. ஒன்று எங்கள் வெளிறிய பூச்சி. மற்றது கறுப்பு, உணர்கொம்பு இறகு போல விரிந்தது. அது பழைய புத்தகங்களிலேயே பெயரோடு இருக்கிற பூச்சி; அதில் ஆண் மட்டும்தான் அதுவரை கிடைத்திருந்தது. பூச்சியரோடு இருந்து இருந்து இவ்வளவு எனக்கும் தெரிந்திருந்தது. எங்கள் புது இனம் அந்தக் கறுப்புப் பூச்சியின் பெண்சாதி. அப்படியென்றால் பழைய பெயர்தான் செல்லும், என் பெயர் போய்விடும்.

கையில் வாளி இருந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பூச்சியும் போகும், விஷயமும் போகும், என் பெயர் நிற்கும். ஊற்றத்தான் தூக்கினேன். பிறகு, பெண்ணை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்த அந்த மனிதரை நினைத்து இறக்கி வைத்தேன்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்தார். மூக்கு சுவரில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப்போய் நின்றார். வெளியே துவாயும் கையுமாக மற்றவர்கள் கதவைத் தட்டினார்கள். பூச்சியர் அசையவில்லை. அன்றைக்கு ஆறு பேர் முகம் மட்டும் கழுவிக்கொண்டு கந்தோருக்குப் போனார்கள்.

"பதினொரு வருஷமாப் பூச்சி பாக்கிறன். எனக்கு விளங்கேல்லைப் பாரும்," என்றார் கடைசியில்.

ஒருவருக்கும் தெரியாது, விட்டுவிடுவோம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"விட்டால், என்னைப் போல ஒருத்தன் அதைப் படிச்சுப்போட்டு, இல்லாத ஆம்பிளைப் பூச்சியைச் சாகுமட்டும் தேடித் திரிவான். பாவமெல்லே?"

அன்று பின்னேரமே கடிதம் சொன்னார், நான் தட்டினேன். கட்டுரையைத் திருப்பி எடுக்கிறேன், பிழை என்னுடையது, இரண்டும் ஒரே இனம். அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. இந்தச் சோடியை முதலில் கண்டவர் என்று தொடங்கி என் பெயரைச் சொன்னார்.

"அது வேண்டாமண்ணை."

"கண்டது நீர்தானே. தட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாளி தூக்கிய கதையை அவருக்கு நான் சொல்லவேயில்லை. என் சொந்தப் பெயரிலேயே இரண்டு எழுத்தைப் பிழையாகத் தட்டினேன். பூச்சியர் ஒன்றும் கேட்காமல் தாளை வாங்கி, தன் பேனையால் அதைத் திருத்தினார்.