தலைக்கவசப் பெட்டி

பார்சல் புறப்பட்டுவிட்டது என்று கைப்பேசி சொன்னபோது ரகுபதி பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். திங்கட்கிழமை வர வேண்டியது, சனிக்கிழமையே வருகிறது.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டிருந்தார். சரசு வேலைக்குப் போயிருப்பாள். பார்சலை வாங்கி, சத்தமில்லாமல் ஆபீஸ் லாக்கருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். இன்றைக்கோ சரசு வாசற்கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணி இன்னும் நிறைய இருந்தது.

வந்துகொண்டிருந்தது 'கேப்டன் மெரிடியன்' படங்களின் நாற்பதாம் ஆண்டுச் சிறப்புத் தொகுப்பு.

அந்த ஐந்து படங்களும் ரகுபதிக்கு வசனத்தோடு மனப்பாடம். பள்ளிக்கூட நாளில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் வீடியோ கேசட்டாக வாங்கினார். வி.சி.டி. வந்தபோது வி.சி.டி.யாக வாங்கினார். அப்புறம் டி.வி.டி., அப்புறம் புளூரே, அப்புறம் அதைவிடத் தெளிவாக ஒன்று. தகரப் பெட்டியில் வருகிறது என்று ஒரு முறை, மூன்றாம் படத்தில் வெட்டிய காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு முறை. அந்தக் காட்சியில் கேப்டன் உட்கார்ந்து காப்பி குடிப்பார், வேறொன்றும் நடக்காது.

"அதே ஆளு, அதே வில்லன், கடைசியில அதே சண்டை. எத்தனை தடவைங்க வாங்குவீங்க?" என்று சரசு கேட்கும்போதெல்லாம், "இதுல சவுண்ட் வேற" என்பார்.

போன தீபாவளிக்கு முதல் நாள், பாரம் தாங்காமல் அலமாரி சுவரைவிட்டுப் பெயர்ந்து விழுந்தது. கீழே முறுக்கு ஆறவைத்திருந்தது. சரசு கத்தவில்லை. தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு டப்பா வரக் கூடாது" என்றாள். "வராது" என்று ரகுபதி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். சொன்ன சொல் தவறுகிற மனிதர் அல்ல அவர். இந்த வீட்டுக்குள் என்றுதானே சொன்னாள் என்பது சில மாதங்கள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு, குப்பை போடப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். உம்மு சல்மா திறந்தார். அவருடைய கணவர் ஹனீபாவுக்குத் தேக்காவில் துணிக்கடை. சுவா சூ காங் வட்டாரத்தில் இந்த அடுக்குமாடி புளோக் எழும்பிய நாளிலிருந்து இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு.

"சல்மாக்கா, எனக்கு ஒரு பார்சல் வரும். உங்க வீட்ல குடுக்கச் சொல்லட்டுமா? சரசுவுக்குத் தெரிய வேணாம்."

"அதுக்கென்ன தம்பி. என்ன பார்சல்?"

ரகுபதி இதை யோசித்துவைத்திருக்கவில்லை. "உடம்புக்கு" என்றார்.

"உடம்புக்கா? உடம்புக்கு என்ன?"

"ஒரு மெஷின்க்கா. தூங்கறப்ப மூச்சு நின்னுபோகாம இருக்க மாட்டிக்கிறது."

"மூச்சு நிக்குதா?"

"அப்பப்ப."

உம்மு சல்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ரகுபதிக்கே தன் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. "சரசு பயந்துடுவாக்கா. சொல்லிடாதீங்க."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது தம்பி."

போகவும் இல்லை. கணவரிடம் மட்டும் சொன்னார். அது வெளியே சொன்ன கணக்கில் வராது.

அன்று சாயங்காலம் லிஃப்டில் ஹனீபா அகப்பட்டார். ரகுபதியின் கையில் அரிசிப் பை இருந்தது. அவர் அதைப் பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். ஹனீபாவுக்கு எழுபது நெருங்குகிறது.

"பாய், குடுங்க, நான் தூக்கிக்கிறேன்."

"நீங்க மூச்ச விடுங்க லா, போதும்" என்றார் ஹனீபா.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஆட்டு சூப் வந்து இறங்கியது. "என்ன விசேஷம்?" என்று சரசு கேட்டாள். "மீந்திருக்கும்" என்றார் ரகுபதி. மீந்தது போலத் தெரியவில்லை. எலும்பெல்லாம் பார்த்துப் பார்த்து அவருக்காகவே போட்டது போல இருந்தது. பயத்தோடு குடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சரசு தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனாள். போனவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினாள். மீன் பையைக் கீழேகூட வைக்கவில்லை.

"உங்களுக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதா?"

"யார் சொன்னது?"

"ஹனீபா பாய். கடையிலேருந்து இறங்கி வந்து, 'தைரியமா இரும்மா, இப்பல்லாம் மெஷின் வந்துடுச்சு, நேத்தே எங்க வீட்ல வந்து இறங்கிடுச்சு'ன்னு சொல்றார். ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியல."

அவள் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்ல ரகுபதி வாயைத் திறந்தார். ஆனால் இப்படி நிற்கிறவளிடம், 'அது மெஷின் இல்லை, கேப்டன் மெரிடியனின் தலைக்கவச வடிவத்தில் செய்த பெட்டி' என்று எப்படிச் சொல்வது?

"எனக்கில்ல சரசு. நம்ம ஸ்ரீராமுக்கு."

ஸ்ரீராம் அவரோடு துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். சிராங்கூனில் தனியாக இருக்கிறார்.

"அவருக்கா? அப்ப எதுக்கு நம்ம பக்கத்து வீட்டுக்கு வருது?"

"அவனுக்குக் கூச்சம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னான். அதான் எனக்குன்னு சொல்லி வெச்சேன்."

சரசு சோபாவில் உட்கார்ந்தாள். நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். ரகுபதியும் விட்டார். அவருடையது முடிவதற்குள் அவள் மறுபடி எழுந்துவிட்டாள்.

"பாவம்ங்க. தனியா இருக்கற ஆளு. மூச்சு நின்னா யார் எழுப்புவா?"

"மெஷின் எழுப்பும்."

"மெஷின் இங்க இருக்கு. அவர் அங்க இருக்கார்."

சரசு மீனை ஐஸ் பெட்டியில் வைத்தாள், பக்கத்து வீட்டுக்குப் போனாள், பார்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "கிளம்புங்க" என்றாள்.

எம்ஆர்டி ரயிலில் பார்சலை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரகுபதி எதிர் வரிசையில் இருந்து ரகசியமாக ஸ்ரீராமுக்குச் செய்தி அனுப்பினார்: 'உனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம். மறுக்காதே.'

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: 'எப்போதிலிருந்து?'

ஸ்ரீராம் மாரத்தான் ஓடுகிறவர். அப்போதுதான் ஓடிவிட்டு வந்திருந்தார். அரைக்கால் சட்டையோடு, வேர்வை சொட்டச் சொட்டக் கதவைத் திறந்தார்.

"பாருங்க, எப்படி வேர்க்குது" என்றாள் சரசு. "உட்காருங்க ஸ்ரீராம். நிக்காதீங்க."

ஸ்ரீராம் உட்கார்ந்தார். நோயாளி எப்படி இருப்பான் என்று தெரியாமல் லேசாக இருமிப் பார்த்தார்.

"எங்க அண்ணனும் இதைத்தான் மாட்டிக்கிறார். எப்படிப் போடணும்னு நானே காட்டிடறேன். கத்தரிக்கோல் இருக்கா?"

"வேணாம்க்கா. கம்பெனிலேருந்து ஆள் வந்து..."

"ஞாயித்துக்கிழமை எந்த ஆள் வருவான்?"

கத்தரிக்கோலை அவளே சமையலறையில் கண்டுபிடித்தாள். அட்டைப் பெட்டி பிரிந்தது. உள்ளே நுரைத் தகடு. அதற்குள்ளிருந்து பளபளவென்று ஓர் ஆரஞ்சு நிறத் தலைக்கவசம் வெளியே வந்தது. காதோரம் இரண்டு பக்கமும் வெள்ளிச் சிறகுகள்.

இவ்வளவுக்கு நடுவிலும் ரகுபதியால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது.

"எங்க அண்ணனோடது இப்படி இல்லையே" என்றாள் சரசு.

"புது மாடல்" என்றார் ரகுபதி.

நட்புக்காக ஒரு மனிதன் செய்யக்கூடியதை ஸ்ரீராம் செய்தார். தலைக்கவசத்தை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆழமாக மூச்சை இழுத்துவிட்டார். "நல்லா இருக்குக்கா. இப்பதான் மூச்சே வருது."

சரியாகப் பொருத்துகிறேன் என்று பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். சிறகுகள் ஒளிர்ந்தன. உள்ளேயிருந்து ஒரு கனத்த ஆண் குரல், "கவலைப்படாதே பூமியே, நான் தூங்குவதேயில்லை" என்று ஆங்கிலத்தில் முழங்கியது. முன்பக்கத் தட்டு திறந்துகொண்டது. ஐந்து படங்களின் வட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்ரீராமின் மடியில் வந்து விழுந்தன.

சரசு ஒரு வட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுலயும் சவுண்ட் வேறயா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் சரசு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"டப்பா வாங்கினதுகூட எனக்குப் பெருசு இல்ல. மார்க்கெட்லேருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு யுகமா இருந்துச்சு. நீங்க இருக்க மாட்டீங்களோன்னு நினைச்சிட்டேன்." குனிந்து செருப்பை நேராக வைத்தாள். "இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட ஒண்ணாவது மறைச்சிருப்பேனா?"

கல்யாணமான நாளிலிருந்து ரகுபதி இவ்வளவு சிறுத்துப்போனதில்லை. அந்த வாரம் முழுக்க கிரேன் மேலே நின்றாலும், கோப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் அவள் கேட்டதே காதில் ஒலித்தது. புதிய தொகுப்பை ஸ்ரீராம் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே வெச்சிக்க" என்றார். அது போதும் என்று தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீராமை ஒரு வேனோடு வரச் சொன்னார்.

கேசட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார். தகரப் பெட்டிகளின் முதுகுகளை வரிசையாகச் சேர்த்து வைத்தால் கேப்டன் பறப்பது போல ஒரு படம் வரும். கடைசியாக ஒரு முறை சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுப் பிரித்தார். காப்பி குடிக்கிற காட்சி உள்ள பெட்டியை மட்டும் சற்று அதிக நேரம் கையில் வைத்திருந்தார்.

"எல்லாத்தையுமா குடுக்கறீங்க?" என்றாள் சரசு. அவள் முகத்தில் இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. "ஒண்ணு ரெண்டு இருக்கட்டுமே. நான் ஒண்ணும் சொல்லல."

"வேணாம் சரசு. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. நீ எப்படி இருக்கியோ, நானும் அப்படியே இருந்துட்டுப் போறேன்."

சரசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உருகிப்போய்விட்டாள் என்று ரகுபதிக்குத் தோன்றியது. வேன் கதவை மூடுவதற்கு முன் ஸ்ரீராம், "அண்ணே, நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "யோசிச்சாச்சு லா, கிளம்பு" என்றார் ரகுபதி.

அடுத்த நாள் காலை சரசு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ரகுபதி காலியான அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மனசு துடைத்துவிட்டது போல இருந்தது. தூய்மையாக வாழ்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டார். வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு செடி வைக்கலாம். சரசுவுக்குச் செடி பிடிக்கும்.

வாசல் மணி அடித்தது. பார்சல் கொண்டுவரும் பெண் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு நின்றிருந்தாள். தலைக்கவசப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தவளும் அவள்தான்.

"எனக்கு எதுவும் வராதும்மா" என்றார் ரகுபதி, பெருமையை மறைக்காமல். "அதெல்லாம் விட்டாச்சு."

"உங்களுக்கு இல்லண்ணே, சரசு அக்காவுக்கு. எப்பவும் பக்கத்து வீட்டு சல்மாக்காகிட்டதான் குடுக்கச் சொல்வாங்க, ஆனா அவங்க ஜோகூர் போயிருக்காங்க போல. போன தடவையே அவங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல சரசு அக்கா பெட்டிங்களுக்கு இனிமே இடம் இல்லைன்னாங்க, அதனால இன்னிக்கு மட்டும் உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகட்டுமா?"