என் செல்களை நலம் விசாரித்த கதை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி, மகன், மருமகள் எல்லோரும் சுகம். என் இடது மார்பு மட்டும்தான் சுகமில்லாமல் இருந்தது; அதையும் டாக்டர் எடுத்துவிட்டதால், மிச்சமிருக்கிற நானும் சுகம் என்றே வைத்துக்கொள். அங்கே நீ முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும்.

ஜீன் பரிசோதனை செய்துகொள்ள மாட்டேன் என்று போனைப் பட்டென்று வைத்தாயே, அதில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை. உன் உடம்பு, உன் இஷ்டம். எனக்குள் பழுதுபார்க்கிற ஜீன் ஒன்று பிறவியிலேயே பழுதாம், அம்மாவோ அப்பாவோ கொடுத்ததாம், உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். ஆனால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், எடுக்கவில்லை. சும்மா வீட்டு விஷயம் எழுதுகிறேன்.

மார்பகப் பிரிவில் சீட்டு கொடுக்கும் பெண், "வீட்டம்மா எங்க சார்?" என்றாள். "நான்தாம்மா நோயாளி" என்றேன். பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒருமுறை என் சட்டையைப் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மருந்து ஏறும்போது பாதி தூக்கம், பாதி விழிப்பு. அந்த நேரத்தில் தினமும் ஒரே கனவு. என்னைவிட்டு ஓடிப்போன செல் ஒன்று கையில் பெட்டியோடு ரத்தத்தில் மெதுவாக மிதந்து போகிறது. எலும்பு வீட்டைத் தட்டி, இடம் காலியா என்கிறது. "குடும்பம் பெருசா?" என்று எலும்பு கேட்கிறது. "இப்போதைக்கு நான் ஒருத்தன்தான்" என்கிறது அந்தப் பொய்யன்.

வெட்டிய கட்டியில் ஒரு துண்டை, என் சம்மதத்தோடு, மருமகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் அதற்குச் சாப்பாடு மாற்றுகிறாள், இங்கே என் காபி ஆறிப்போகிறது. ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். நுண்ணோக்கியில் ரோஸ் நிறத் தண்ணீரில் குட்டிக் குட்டி உருண்டைகள் மிதந்தன. ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது, சூட்டுப் பெட்டி மெல்ல முனகியது. என்னையே வெளியில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. கோபம் வரவில்லை, வெட்கத்தைவிட்டுச் சொன்னால் பாசம்தான் வந்தது.

"உடம்ப வளர்த்துட்டு ஓரமாத் தூங்க வேண்டிய ஜீன் ஒண்ணு இதுல முழிச்சுக்கிச்சு மாமா. தாம வளர்ந்துட்டோங்கறதே இதுங்களுக்கு மறந்துபோச்சு. கருவுல இருக்கிற ஸ்டெம் செல் மாதிரி பெருகிக்கிட்டே இருக்கும், கிளம்பி எங்க வேணா குடியேறும்."

"அந்த ஜீனத் தூங்க வச்சா?"

"இந்தத் தட்டுல தூங்க வச்சிருக்கேன். அடங்கி உக்காந்திருக்கு பாருங்க."

அவள் போன் பேச வெளியே போனாள். அடங்கியிருப்பவர்களிடம் நேரில் நாலு நல்ல வார்த்தை சொல்லலாமே என்று மூடியைத் திறந்தேன். "இப்படியே நல்ல பிள்ளைங்களா இருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிட்டது. மறுவாரம் தட்டு முழுக்கப் பூஞ்சை. யார் திறந்தது என்று அவளுடைய மேலதிகாரி கத்தியிருக்கிறார். "எங்க மாமா சார். அவரோட செல்லுதான்" என்றாளாம். உறையவைத்த மிச்சத்திலிருந்து அவள் மறுபடி ஆரம்பிக்கிறாள், நான் வீட்டில் தும்மினால்கூட முறைக்கிறாள்.

நீ எதற்கும் பயப்படாதே, நானும் பயப்படவில்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் மகளுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

உன்னை எதற்கும் வற்புறுத்தாத
அண்ணன்

பின்குறிப்பு: பயமில்லை என்றதும் வற்புறுத்தவில்லை என்றதும் பொய். எனக்குக் கட்டி என்றபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. முன்பே தெரிந்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம், உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதை நான் தபாலில் போடவில்லை, கதவடியில் நானே தள்ளிவிட்டேன். வெளியேதான் நிற்கிறேன். பக்கத்தில் மருமகள் ஒரு சின்னக் குழாயோடு நிற்கிறாள். ஊசி கிடையாது, எச்சில் போதுமாம். இதைப் படித்ததும் என் முகத்தில் துப்பத்தான் உனக்குத் தோன்றும். கதவைத் திறந்து, குழாயில் துப்பு.