துரையின் இடது பின்னங்கால்

"நாளைக்கு லீவு வேணும் சார். நாய்க்கு மூட்டு வலி."

கேட்டேவிட்டாள். வேலை நிரந்தரமாகும்வரை லீவு என்ற சொல்லையே வாயில் எடுக்காதே என்று பக்கத்து இருக்கை அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "யாருக்கு?"

"நாய்க்கு சார்."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லும்மா, தரேன். எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

"அவர் நல்லாத்தானே இருக்கார். இல்லாததை எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப போய் சீட்டுல உட்காரு."

வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். உட்கார்ந்து பார்க்கும் வேலையும் அவளுக்குத்தான் முதலில் வாய்த்தது. அப்பாவுக்குத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி விரித்துக் காட்டும் வேலை. விடிந்ததும் துரையை நடக்கக் கூட்டிப்போவதும் அவர்தான். துரை என்பது நாய். கொஞ்ச காலமாக இடது பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. அவள் தினமும் ஜன்னலில் நின்று அதையே பார்ப்பாள்.

"அதுக்கும் வயசாகுதுல்ல, விடும்மா" என்பார் அப்பா.

விடுகிற ஆளா அவள்? மூட்டுக்கு ஊட்டம் தரும் மாத்திரை என்று கடையில் ஒரு டப்பா வாங்கினாள். துரை சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் அவள் செருப்பில் துப்பியது. வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் ஒளித்துக் கொடுத்தாள். ரொட்டி ருசி கண்ட துரை கொஞ்ச நாளிலேயே தலையணை மாதிரி உப்பிவிட்டது. உடம்பு கனத்தால் மூட்டுக்குக் கேடு என்று அதே டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ரொட்டியை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய்க்கு மாறினாள். அன்று சாயங்காலமே தெருப்பூனைகள் எல்லாம் வாசலில் மாநாடு போட்டன.

துரை பார்த்தது. சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. தலையணை காற்றில் பறந்து, மதில் மேல் போய் நின்றது.

அவள் பிளந்த வாயை மூடவில்லை. "அப்பா, வந்து பாருங்களேன். ஒரு நாள் எண்ணெய்க்கே இப்படியா."

அப்பா ஏனோ சந்தோஷப்படவில்லை. மறுநாள் காலை அவரோடு போன துரை பழையபடி காலை இழுத்தது.

கேட்ட லீவு கிடைக்காததால், ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் துரையையும் இழுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா காலை மடக்கி நீட்டி, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தார்.

"மூட்டு சுத்தமா இருக்கே."

"மாத்திரை கேட்டுடுச்சா டாக்டர்?"

"அதெல்லாம் துணைக்குத்தாம்மா. நிஜமாவே தேய்மானம் இருந்தா எடையைக் குறைக்கணும், வலிக்கு மருந்து தரணும். கூட இதையும் தரலாம். சிலதுக்குக் கொஞ்சம் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. கேட்டாலும் வாரக்கணக்காகும். ஒரே நாள்ல மதில் ஏத்தாது. எங்க, நடத்திக் காட்டுங்க."

அவள் நடத்தினாள். துரை ராஜநடை போட்டது.

"இப்ப நீங்க நடத்துங்க சார்."

"பாப்பாவே நடத்தட்டுமே" என்று அப்பா பின்வாங்கினார்.

"நீங்கதான்."

அப்பா சங்கிலியைப் பிடித்ததும் துரையின் இடது கால் இழுத்தது. அவர் மெதுவானால் அதுவும் மெதுவானது. அவர் நின்றால் நின்றது. டாக்டரம்மா நாயைப் பார்க்கவே இல்லை.

"நாய்க்கு ஒண்ணுமில்லம்மா. அது உங்கப்பா மாதிரி நடக்குது. முட்டி எத்தனை நாளா வலிக்குது சார்?"

அப்பா தரையைப் பார்த்தார். "சொன்னா இவ லீவு கேப்பா. வேலை இன்னும் நிரந்தரமாகல."

இத்தனை நாளும் அவள் ஜன்னலில் நின்று நான்கு கால்களையே பார்த்திருந்தாள். பக்கத்தில் நடந்த இரண்டு கால்களைப் பார்த்தது துரை மட்டும்தான். மதில் தாவுகிற கால், அவர் அருகில் மட்டும் தன்னைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறது. டிகிரி வாங்கிய தலை அந்த நாயின் முன்னால் தானாகக் குனிந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குள் அவள் உட்காரவில்லை.

"அப்பாவுக்கு மூட்டு வலி சார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். கேக்க வரல, சொல்லிட்டுப் போக வந்தேன்."

பையைத் தோளில் மாட்டிக் கதவைத் தாண்டினாள். பின்னால் மேனேஜரின் குரல் பூரித்து வந்தது.

"அடேங்கப்பா, என்ன அழகாப் பொய் சொல்றே. இதைத்தானே நான் அன்னிக்கே சொல்லச் சொன்னேன்."