ஹோல்ட்ஸ்மாட் ஊர்த்தலைவர் தப்பிப்போகும் தேதி பற்றி

ஹோல்ட்ஸ்மாட்,
ஆகஸ்ட் 17, ஞாயிறு, பூசை முடிந்து.

மதிப்புக்குரிய ஹெட்விக் அத்தை அவர்களுக்கு, தங்கள் தம்பி மகன் செவெரின் பணிந்து எழுதுவது. இங்கே நானும் ரோப் காரும் சுகம். இருவரில் ஒருவருக்குப் போன வாரம்தான் பிரேக் சரிபார்த்தார்கள். லூசர்னில் தங்கள் முதுகும், தங்கள் பூனையும், பூனையை முன்னிட்டுப் பக்கத்து வீட்டாரோடு தங்களுக்குள்ள உறவும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

எனக்காக ஒதுக்கி வைத்திருக்கும் அறைக்கு நன்றி. ஜன்னலில் நின்றால் ரயில் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. என் ஜன்னலில் மலை தெரிகிறது. மலை எங்கும் போவதில்லை. செப்டம்பர் முதல் தேதி வந்துவிடுகிறேன். ஏன் வருகிறாய் என்று தாங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கும் நன்றி. ஆனாலும் சொல்லாமல் வந்தால் களவு செய்த மாதிரி இருக்கும்.

மே மாதச் சபையில் என்னை ஊர்த்தலைவர் ஆக்கிவிட்டார்கள். தாங்கள் கல்யாணமாகி இறங்கிப்போய் வெகுகாலம் ஆனாலும் நம் ஊர்ச் சட்டம் மறந்திருக்காது. இங்கே யாரும் பதவிக்கு நிற்பதில்லை, நிறுத்தப்படுகிறார்கள். தேர்ந்தெடுத்துவிட்டால் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமானால் அறுபத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது ஊரைக் காலி செய்திருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும். ஆகவேதான் சபை நாளில் ஊரே வந்து உட்கார்ந்திருக்கும். பொறுப்புணர்ச்சி எல்லாம் இல்லை. வராதவன் தலையில் எல்லாம் விழும் என்ற பயம். ஆம்ப்ரோஸ் ஒருமுறை பல்வலி என்று வீட்டில் படுத்திருந்தான். எழுந்தபோது தீயணைப்புப் படைத் தலைவனாக இருந்தான். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பதவியைப் பிடுங்க ஆளில்லை.

எனவே நானும் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கீழ்க்குடியிருப்புத் தண்ணீர்த்தொட்டிக்கு மூடி மரத்திலா தகரத்திலா என்று விவாதம். நான் தூங்கவில்லை. என் ஆய்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மௌனம் பற்றிய ஆய்வு அது. பல்கலைக்கழகம் மூன்று வருடமாக அதற்காகக் காத்திருக்கிறது. கண்கள் மூடியிருந்தது உண்மை. திடீரென்று சட்டைக்கைகள் உரசும் சத்தம். கண் திறந்தால் கூடம் முழுக்கக் கைகள். இந்த ஊரில் எல்லாக் கையும் மேலே இருக்கும்போது ஒரு கை மட்டும் கீழே இருந்தால், பால் கொண்டுபோகும் இடத்தில் ஒரு வருஷம் அதைப் பற்றியே பேசுவார்கள். நானும் தூக்கினேன். மூடி தகரத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒட்டீலியா மேசையைத் தட்டினாள். "எதிர்ப்பே இல்ல. அவனே அவனுக்குக் கை தூக்கியிருக்கான். இவ்வளவு ஆர்வமா ஒரு பிள்ளைய நான் இந்தச் சபையில பாத்ததில்ல."

ஒட்டீலியாவைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எனக்கு முன் அவள்தான் தலைவி. பன்னிரண்டு வருஷம். அவள் முட்டி இரண்டும் போய்விட்டன. லூசர்னில் அறுவை சிகிச்சைக்கு இரண்டு தடவை நாள் குறித்தார்கள், இரண்டு தடவையும் தள்ளிப்போட்டாள். ஊரை ஒப்படைக்க ஆளில்லை. இப்போது மூன்றாவது தடவையாக நாள் குறித்திருக்கிறார்கள். நான் ஊர்ப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டால், அடுத்த ஆள் கிடைக்கும்வரை பழைய தலைவியே மறுபடி உட்கார வேண்டும். அதுவும் சட்டம். இதை அடைப்புக்குறிக்குள் எழுத நினைத்தேன். அடைப்புக்குறி போதவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ரோப் கார் ஓட்டும் என்னைத் தலைவராக்கியதில் ஊருக்கு ஒரு சௌகரியம். குறை சொல்ல வேண்டியவர்கள் டிக்கெட் எடுத்து ஏறிக்கொள்கிறார்கள். ஏறினால் நடுவழியில் இறங்க முடியாது, என்னாலும்தான். மேல்குடியிருப்புக்காரர்கள் ஏறும்போது கீழ்க்குடியிருப்பைப் பற்றிச் சொல்கிறார்கள், கீழ்க்குடியிருப்புக்காரர்கள் இறங்கும்போது மேலே இருப்பவர்களைப் பற்றி. நம் கோயிலை அந்தக் காலத்தில் இரண்டுக்கும் சரிபாதித் தூரத்தில் கட்டியதே இரு பக்கமும் ஒரே அளவு முணுமுணுக்கட்டும் என்றுதானே. முன்னூறு வருஷமாக அந்த நியாயம் கெடாமல் வந்திருக்கிறது. என் காலத்தில் கெட்டுவிடக் கூடாதே என்று இரண்டு பக்கமும் தலையாட்டி, இப்போது எனக்குக் கழுத்து வலி.

ஜூனில் ஊர்வேலை நாள். பனிச்சரிவு கொண்டுவந்து போட்ட கல்லை எல்லாம் மேய்ச்சல் நிலத்திலிருந்து பொறுக்க வேண்டும். முதல் கல்லைத் தலைவர் எடுப்பது வழக்கம். எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். சின்னதாக எடுத்தால் கேவலம், பெரிதாக எடுத்தால் முதுகு. நான் நடுத்தரமாக, சதுரமாக, பிடிக்க வாகாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். மண்ணில் கொஞ்சம் ஆழமாக இருந்தது. அசைத்து, பிடுங்கி, தூக்கிக்கொண்டுபோய்க் கல்குவியலில் போட்டேன். கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டின்போதுதான் ஆம்ப்ரோஸ் கேட்டான், நமக்கும் பால்மென் ஊருக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல் எங்கே என்று.

குவியலில் எல்லாக் கல்லும் எல்லைக்கல் மாதிரியே இருந்தன அத்தை. சாயங்காலம் பால்மென் ஊர்த்தலைவரே ஒரு பாட்டிலோடு வந்துவிட்டார். கோபத்தோடு வந்தாரா பாட்டிலோடு வந்தாரா என்று கடைசிவரை பிரிக்க முடியவில்லை. அவர்கள் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து இதுதான் என்றார்கள், நம்மவர்கள் இன்னொன்றை. கடைசியில் இரண்டையும் நட்டுவிட்டோம், அவர்கள் சொன்ன இடத்தில் ஒன்று, நாம் சொன்ன இடத்தில் ஒன்று. நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவு நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. பால்மென்காரர்களின் ஆடு ஒன்று அங்கேதான் மேய்கிறது. அதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நானும் சில நாள் போய் உட்கார்ந்தேன்.

அப்புறம் ஆகஸ்ட் ஒன்று, தேசிய நாள். மலைமேல் தீ மூட்டி, தலைவர் நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். நான் ஏழு வாக்கியம் எழுதிக்கொண்டு போனேன். நடுநடுவே இடைவெளி விட்டுப் படித்தேன். என் ஆய்வின் சாரமே அந்த இடைவெளிகளில்தான் இருந்தது. ஜனங்கள் உருகிப்போனார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஆம்ப்ரோஸ் பக்கத்தில் வந்து, "நல்லாப் பேசுன தலைவரே. ஒட்டீலியா பேசுனா தீயில வெச்ச சாசேஜ் கரியாயிடும். நீ பேசுனா பாதி வேகறதுக்குள்ள முடிஞ்சிருது. நடுவாந்தரமா ஒருத்தன் நமக்கு வாய்க்கவே மாட்டானா?" என்றான்.

ஆனா அத்தை, ஒன்று சொல்லியாகணும். காலையில் கதவைத் திறந்தா வாசற்படியில் வெண்ணெய் இருக்கு. ஒரு நாள் வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கிற சீஸில் பாதி. போன வாரம் வீட்டுப் பின்பக்கம் விறகு அடுக்கியிருந்தது, குளிர்காலம் முழுக்கப் போதும். யாரும் பேர் சொல்றதில்லை. கேட்டா, "எனக்கென்ன தெரியும், உன் வீட்டு விறகு" என்கிறார்கள். இதை லஞ்சம்னு சொல்லலாம். நான் வேற ஒரு சொல் தேடிப் பார்த்தேன். படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. வெண்ணெய் நன்றாகத்தான் இருந்தது.

இருந்தாலும் முடிவு முடிவுதான். மாதக் கடைசியில், யாருக்கும் தெரியாமல், பெயரை நீக்கிக்கொண்டு கிளம்புகிறேன். கட்டிலைப் போன வியாழக்கிழமையே ரோப் காரில் இறக்கி லாரியில் அனுப்பிவிட்டேன், வந்திருக்கும். ரகசியமாகத்தான் செய்தேன். நீங்க யாரிடமும் மூச்சு விடாதீங்க.

தங்கள் பாதையில் கல் விழாமலும், தங்கள் பூனை ஜன்னலிலிருந்து விழாமலும், தாங்கள் எனக்கு இடம் கொடுத்ததை நினைத்து வருந்தும் நாள் விழாமலும் நம் கோயில் புனிதர் காப்பாராக.

நன்றி மறவாத,
செவெரின்

பின்குறிப்பு, திங்கள் மதியம்:

அத்தை, மேலே எழுதியதில் நலம் விசாரித்தது மட்டும் செல்லும். மற்றதை அடித்துவிடுங்க.

இன்று காலை முதல் வண்டிக்கு ஒட்டீலியா வந்தாள். அவள் மட்டும்தான். கதவைச் சாத்தி வண்டி கிளம்பியதும் சொன்னாள்: "கட்டில் ஒண்ணு தனியா ரோப் கார்ல எறங்குச்சு. ஊரே ஜன்னல்ல நின்னு பாத்துச்சுடா."

நான் பிரேக்கைச் சரிபார்த்தேன். மௌனம் பற்றி இவ்வளவு படித்திருந்தும் அது உபயோகப்படவில்லை.

"போய்ப் படிச்சு முடி. கோவமெல்லாம் இல்ல. நான் உக்காந்து பழகுனவ. இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி இந்தத் தடவையும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

மேலே வண்டி நின்றது. இறங்குகிற இடத்தில் ஒரு படி உயரம் இடைவெளி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அவள் திரும்பி நின்றுகொண்டாள். கதவுக் கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குகிற மாதிரி, முதுகைக் காட்டி ஒரு காலை விட்டாள். கால் தரையைத் தேடிக்கொண்டே இருந்தது. நான் மலையைப் பார்த்தேன். மறுபடி திரும்பியபோதும் அது தேடிக்கொண்டிருந்தது.

கை கொடுத்தேன். "வேண்டாம், நீ ஓட்டுக் கேக்கறேன்னு பேசுவாங்க" என்றாள். ஆனால் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"நான் எங்கயும் போகலை. லூசர்ன்ல என் அத்தை வீட்ல ஒரு ரூம் காலியா இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்க போங்க. நடக்க வர்ற வரைக்கும் இருங்க."

என் கையை விடாமலே நிமிர்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்துப் பயந்துபோனேன்.

"எத்தனாவது மாடி?" என்றாள்.

"மூணாவது. லிஃப்ட் இருக்கு."

"கட்டில்?"

"போயாச்சு."

"அதான் தெரியுமே" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே அத்தை, உங்களைக் கேட்காமல் உங்கள் அறையைக் கொடுத்துவிட்டேன். மன்னிக்கணும், ரொம்ப நன்றி. ஆய்வை இங்கேயே முடிக்கப் பார்க்கிறேன். குளிர்காலத்தில் ரோப் காரில் யாரும் பேசமாட்டார்கள், வாயைத் திறந்தால் பல் உறையும். நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். ஒட்டீலியாவுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, நிறைய. பூனையைப் பற்றி அவள் கருத்துச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீங்க. முதல் இரண்டு மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருப்பாள் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக இங்கே யாரும் அவளைத் தூங்க விட்டதில்லை. கதவைத் தட்டி எழுப்பிடாதீங்க. தட்டுகிற சத்தம் கேட்டால், படுத்தபடியே சபையைத் தொடங்கிவிடுவாள்.